சோறு இறங்காத நாட்கள்: மனச்சோர்வு, உணவு, போதை



நம் பெரிய மருத்துவமனைகளில் மனச்சோர்வுக்கு ஒரு பிரிவு இருக்கிறது. குடிநோய்க்கு ஒரு வார்டு இருக்கிறது. சாப்பாட்டுச் சிக்கலோடு வருகிறவருக்குப் பெரும்பாலும் எந்த இடமும் இல்லை. வாந்தி என்றால் வயிற்று டாக்டரிடம் அனுப்புவார்கள். மாதவிலக்கு நின்றுபோன பெண்ணை மகப்பேறு மருத்துவரிடம் அனுப்புவார்கள். எலும்பும் தோலுமாக வருகிற பையனைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். இந்தப் பரிசோதனைகள் எல்லாம் தேவைதான். ஆனால் மூன்று இடங்களில் மூன்று சீட்டு எழுதப்படும் அந்த மனிதர் ஒரே ஆள். அவருடைய சோர்வும் பசியும் போதையும் ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஒன்றைப் பார்த்த இடத்தில் மற்ற இரண்டையும் கேட்டே ஆகவேண்டும் என்பதுதான் இன்று உங்களிடம் நான் சொல்ல வந்தது.

மனச்சோர்வு பசியைக் கெடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். துக்க வீட்டில் யாருக்கும் தொண்டையில் சோறு இறங்காது. வேறு சிலருக்கு இது நேரெதிராக இருக்கும்: தூக்கமும் பசியும் கூடிப்போய், கண்டதையெல்லாம் தின்று படுத்துக்கிடப்பார்கள். 'நல்லா சாப்பிடறானே, இவனுக்கு என்ன கவலை' என்று வீட்டில் பேசுவார்கள். இரண்டுமே மனச்சோர்வின் முகங்கள். இவை மருத்துவப் புத்தகத்தில் உள்ளவை, விரைவாகக் கடந்துவிடுகிறேன். இதன் மறுபாதி வெளியே அதிகம் தெரியாதது. சாப்பிடாமல் இருப்பதே ஒருவரை மனச்சோர்வுக்குள் தள்ளும். முன்பு எந்தச் சோர்வும் இல்லாத, திடமான மனிதரைக்கூடத் தள்ளும். இதற்கு ஒரு சான்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

1944 நவம்பர். இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில் ஐரோப்பாவின் பல பகுதிகள் பட்டினியில் கிடந்தன. பட்டினி கிடந்த உடலை எப்படி மீட்பது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஒரு சோதனையைத் தொடங்கினார். மனசாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர்களிலிருந்து 36 பேரைத் தேர்ந்தெடுத்தார். உடல்நலமும் மனநலமும் நன்றாக இருக்கிறது என்று சோதித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானத்து இருக்கைகளுக்கு அடியில் இருந்த அறைகளில் ஆய்வு நடந்தது. முதலில் சில வாரம் முழுச் சாப்பாடு. பிறகு 24 வாரம் ஏறக்குறைய பாதிச் சாப்பாடு: உருளைக்கிழங்கு, டர்னிப் கிழங்கு, ரொட்டி, மக்ரோனி. எத்தனை கலோரி, எத்தனை கிலோ குறைந்தது என்ற எண்களை நான் சொல்லப்போவதில்லை. இந்த அரங்கில் அமர்ந்திருக்கும் யாரோ ஒருவருக்கு அந்த எண் ஓர் இலக்காகிவிடக்கூடும்.

அந்த இளைஞர்களுக்கு என்ன ஆயிற்று? கோடைகாலத்தில் குளிரில் நடுங்கினார்கள். நண்பர்களோடு பேசுவதைக் குறைத்தார்கள். சிரிப்பு போயிற்று, காதல் விருப்பம் போயிற்று, படிப்பில் கவனம் போயிற்று. சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்துவிழுந்தார்கள். பலருக்கு ஆழ்ந்த சோர்வு வந்தது. ஆனால் சாப்பாட்டைப் பற்றிய நினைப்பு மட்டும் நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது. சமையல் புத்தகங்களை நாவல் படிப்பதுபோல் படித்தார்கள், சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், கிடைத்த உணவை மணிக்கணக்கில் அளைந்து அளைந்து தின்றார்கள், தட்டை நக்கினார்கள். இவர்கள் யாரும் ஒல்லியாக ஆசைப்பட்டவர்கள் அல்லர், கண்ணாடி முன் நின்று உடலை வெறுத்தவர்களும் அல்லர். பட்டினி ஒன்றே இதையெல்லாம் செய்தது.

நம் தலைப்புக்கு மிக நெருக்கமான செய்தி அந்த ஆய்வின் ஓரத்தில் கிடக்கிறது. பட்டினி நீள நீள அவர்கள் காபியும் தேநீரும் குடிப்பது ஏறிக்கொண்டே போயிற்று. ஒரு நாளைக்கு 9 கோப்பைக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடு போடவேண்டி வந்தது. ஒருவர் நாளொன்றுக்கு 40 பொட்டலம்வரை சூயிங் கம் மென்றார். அதற்கும் வரம்பு வைத்தார்கள். புகைப்பதும் கூடியது. வயிற்றில் ஒன்றும் இல்லாதபோது உடல் வேறு எதையாவது தேடிப் பற்றிக்கொள்கிறது. மீண்டும் சாப்பாடு கொடுக்கத் தொடங்கியபோதும் உடனே எல்லாம் சரியாகவில்லை. சிலருக்கு வயிறு முட்டச் சாப்பிட்டும் பசி அடங்கவில்லை. நிறுத்தமுடியாமல் தின்றார்கள், பிறகு குற்ற உணர்வில் தவித்தார்கள். சிலருடைய மனநிலை மீட்சியின் முதல் வாரங்களில் முன்னைவிட மோசமாயிற்று. ஒருவர் விறகு வெட்டும்போது தன் விரல்களை வெட்டிக்கொண்டார். அது விபத்தா, வேண்டுமென்று செய்ததா என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. இவையெல்லாம் 1950-ல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளிவந்தன. இன்றுவரை உணவுக் கோளாறுக்குச் சிகிச்சை தருகிற ஒவ்வொருவரும் அந்த ஆய்வைப் படிக்கிறோம்.

அன்புள்ள பெற்றோர்களே, உங்கள் மகள் சாப்பிட மறுத்து, எரிந்து விழுந்து, கதவைச் சாத்திக்கொண்டு, யூடியூபில் சமையல் காணொளிகளாகப் பார்த்துக்கொண்டிருந்தால், 'திமிர்' என்று சொல்லுமுன் அந்த 36 பேரை நினைத்துப்பாருங்கள். அவள் குணம் என்று நீங்கள் நினைப்பதில் பெரும்பங்கு பசியின் வேலை.

உடலுக்குள் நடப்பதில் ஒரு சிறு பகுதியைச் சொல்கிறேன். மனநிலையைச் சீராக வைக்க உதவும் வேதிப்பொருள்களில் ஒன்று செரடோனின். அதை உருவாக்க மூளைக்கு டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் வேண்டும். நம் உடல் அதைத் தானாகச் செய்துகொள்ளாது. பருப்பு, பால், முட்டை, மீன், கறி என்று உணவிலிருந்துதான் வரவேண்டும். தின்று தீர்த்து வாந்தியெடுக்கும் நோயான புலிமியாவிலிருந்து மீண்டு நலமாக இருந்த பெண்களுக்கு, ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஒரே ஒரு நாள் டிரிப்டோஃபானைக் குறைத்துப் பார்த்தார்கள். சில மணி நேரத்திலேயே அவர்கள் மனநிலை தாழ்ந்தது, உடல் பற்றிய கவலையும் சாப்பாட்டின்மேல் பிடி தவறுகிறது என்ற பயமும் திரும்பின. 1999-ல் வெளிவந்த ஆய்வு அது. பட்டினி டயட் என்ற பெயரில் பெண்பிள்ளைகள் தங்கள்மேல் செய்துகொள்வது என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை எனக்குத் தெரியாது.

இனி போதைக்கு வருகிறேன். எங்களிடம் வருகிற ஆண்களில் ஒரு வகையினர் உண்டு. பலர் சொன்னதைச் சேர்த்து ஒருவராகச் சொல்கிறேன். வேன் ஓட்டுகிறவர், நாற்பது வயது. காலையில் ஒரு டீ, ஒரு தம். பதினோரு மணிக்கு இன்னொரு டீ, இன்னொரு தம். மத்தியானம் வாயில் ஹான்ஸ் புகையிலை, பசி தெரிவதில்லை. இரவு வெறும் வயிற்றில் குவார்ட்டர், தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் மிக்சர். அழைத்து வருகிற மனைவி முதலில் சொல்வது குடியைப் பற்றி அல்ல. 'இவரு சோறே திங்கிறதில்லைங்க டாக்டர். போட்டு வச்ச சோறு அப்படியே கெடக்கு' என்பார். அந்த வாக்கியத்தை வழக்கமான புலம்பல் என்று நாங்கள் கடந்துபோனால் பாதி நோயைத் தவறவிட்டோம் என்று பொருள். அந்த மனிதரிடம் தனியாகக் கேட்டால், மூன்று வருடமாக எதிலும் பிடிப்பில்லை, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறது என்பார். இதை அவர் மனைவியிடம் சொன்னதில்லை. நம் ஊர் ஆண்களுக்கு அழ இடமில்லை, குடிக்க இடம் உண்டு.

சோர்வுக்கு மருந்தாகத்தான் குடிக்கிறேன் என்று அவர் சொல்வதில் உண்மை இருக்கிறதா? 1985-ல் எட்வர்ட் கான்ட்சியன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதையே ஒரு கோட்பாடாக எழுதினார். தாங்கமுடியாத உணர்வுகளைத் தணிக்கத் தமக்குத் தாமே செய்துகொள்ளும் வைத்தியம்தான் பலருக்குப் போதைப்பழக்கம் என்றார். குடிகாரனைக் கெட்டவன் என்று தள்ளிவைத்த காலத்தில் அது இரக்கமுள்ள பார்வை. அந்த இரக்கத்தை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் அந்த மருந்து வேலை செய்வதில்லை. முதல் ஒரு மணி நேரம் கனம் குறைந்ததுபோல் இருக்கும். தொடர்ந்து குடிக்கும்போது மதுவே சோர்வை உற்பத்தி செய்யும். சாண்ட்ரா பிரவுன், மார்க் ஷுக்கிட் ஆகிய இருவரும் 1988-ல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. குடிநோய் சிகிச்சைக்குச் சேர்ந்த ஆண்களில் 42 சதவீதம் பேருக்குச் சேர்ந்தபோது கணிசமான மனச்சோர்வு இருந்தது. குடிக்காமல் நான்கு வாரம் கழிந்ததும் அது 6 சதவீதமாகக் குறைந்தது.

நம் ஊரில் இதை ஆண்டுதோறும் கண்ணெதிரே பார்க்கலாம். கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள் குடி, சிகரெட் எல்லாவற்றையும் விடுகிறார்கள். நேரத்துக்குக் குளித்து, நேரத்துக்குச் சாப்பிட்டு, மற்ற சாமிகளோடு கூடியிருக்கிறார்கள். 'மாலை போட்டிருந்தப்ப மனுசன் எப்படி இருந்தாரு தெரியுமா' என்று மனைவிகள் ஏக்கத்தோடு சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மாலையைக் கழற்றிய அன்றிரவே பலர் பழைய இடத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த விரத நாட்கள் ஒருவருக்கு எவ்வளவு வெளிச்சம் தந்தன என்பதை மருத்துவர் கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும். விரத நாட்களிலும் சோர்வு விலகவில்லை என்றால் அவருக்கு மனச்சோர்வு தனியாகவே இருக்கிறது, அதற்கு உடனே சிகிச்சை வேண்டும். ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். தினமும் அதிகமாகக் குடிக்கிறவர், மாலை போட்டோ கோயிலில் கயிறு கட்டியோ, ஒரே நாளில் சட்டென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள்.

குடிக்கும் சோறில்லாமைக்கும் நடுவில் இன்னொன்று ஒளிந்திருக்கிறது: வைட்டமின் பி1. தயாமின் என்பார்கள். உடலில் இதன் சேமிப்பு சில வாரங்களுக்குத்தான் காணும். புழுங்கல் அரிசியில் இது ஓரளவு தங்கும், வெள்ளையாகத் தீட்டிய பச்சரிசியில் பெரும்பகுதி போய்விடும். மது இதைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். பி1 குறையத் தொடங்கும்போது முதலில் வருவது பசியின்மை, எரிச்சல், சோர்வு. பசியில்லாததால் சாப்பிடுவது இன்னும் குறையும். அது முற்றினால் நடை தள்ளாடும், கண்ணின் அசைவு கெடும், மனம் குழம்பும். அந்த நிலையில் ஒருவர் தெருவோரம் கிடந்தால் 'போதையில கெடக்கான்' என்று கடந்துபோகிறோம். உடனே ஊசி போட்டால் காப்பாற்றக்கூடிய மூளை, நினைவாற்றலை நிரந்தரமாக இழந்துவிடுகிறது. சாப்பாட்டைப் பற்றிக் கேட்காத குடிநோய் சிகிச்சை முழுமையாகாது என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிகரெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. டென்ஷன் குறைய என்று பிடிக்கிறார்கள், பசியை அடக்க என்று பிடிக்கிறார்கள். விட்டால் உடம்பு போட்டுவிடும் என்ற பயத்தில் விடாமல் இருப்பவர்களும் உண்டு. ஜெம்மா டெய்லரும் சக ஆய்வாளர்களும் 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் வெளியிட்ட முடிவு: புகையை விட்டவர்களுக்கு, தொடர்ந்தவர்களைவிட, சோர்வும் பதற்றமும் குறைந்தன. அந்தக் குறைவு, மனச்சோர்வு மாத்திரை தரும் பலனுக்கு நிகராக இருந்தது.

பெண்களின் கதை வேறு மாதிரி மறைக்கப்படுகிறது. விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் முழுவதும் மெஸ்ஸில் 'இன்னைக்கு விரதம்', 'வெளியில சாப்பிட்டேன்' என்று சொல்லித் தப்பிப்பாள். ஒரு நாள் வீட்டிலிருந்து ஒரு போன், மார்க் குறைந்ததற்கோ கல்யாணப் பேச்சுக்கோ ஒரு சொல். அன்றிரவு பிஸ்கட், கேக், பார்சல் பரோட்டா என்று தனியாக, அவசர அவசரமாக, ருசிகூடத் தெரியாமல் தின்பாள். தின்றால் ஆறுதல் கிடைக்கிறது என்று நாம் நினைக்கிறோம். அலிசா ஹேட்-மாட், பமேலா கீல் இருவரும் 2011-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கட்டுமீறித் தின்பதற்கு முன்பு மனநிலை தாழ்ந்திருந்தது, தின்று முடித்தபின் இன்னும் தாழ்ந்தது. அந்தக் குற்ற உணர்வில் மறுநாள் பட்டினி. பட்டினியால் மறுபடி சோர்வு. இதை மறக்கடிக்க அவளுக்கும் ஒருநாள் மது அறிமுகமாகிறது, அல்லது தூக்க மாத்திரை. சென்னையில் டி.என். சீனிவாசனும் சக மருத்துவர்களும் நம் மாணவர்களிடம் இத்தகைய உணவுத் துயரம் இருப்பதை 1990-களிலேயே ஆராய்ந்து எழுதினார்கள். மேல்நாட்டுப் பணக்காரப் பெண்களின் நோய் என்று அப்போதே நாம் சொல்வதை நிறுத்தியிருக்கவேண்டும்.

வெளியே தெரிவதை மட்டும் உலகம் பார்க்கும் என்பதற்கு இங்கிலாந்துப் பாடகி ஏமி வைன்ஹவுஸ் ஓர் உதாரணம். குடியும் போதைமருந்தும் பத்திரிகைகளுக்குப் படங்களாயின. மனச்சோர்வைப் பற்றி அவரே பேசியிருக்கிறார். 2011 ஜூலையில், 27 வயதில், மது நச்சால் இறந்தார். இங்கிலாந்தில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட அளவைவிட ஐந்து மடங்குக்கு மேல் ரத்தத்தில் மது இருந்தது. பதின்வயதிலிருந்தே அவருக்குப் புலிமியா இருந்தது என்றும், அது இல்லாதிருந்தால் உடல் இன்னும் திடமாக இருந்திருக்கும் என்றும் அவருடைய அண்ணன் 2013-ல் சொன்னார். அவரைச் சுற்றி இத்தனை கேமராக்கள் இருந்தும் அவர் என்ன சாப்பிட்டார் என்று யாரும் கவலைப்படவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

மருத்துவர்களுக்கும் மருத்துவ மாணவர்களுக்கும் ஒரு மருந்தின் கதையைச் சொல்கிறேன். புப்ரோபியான். மனச்சோர்வுக்கான மருந்தாக 1985-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. புலிமியா உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் 55 பேரில் 4 பேருக்கு வலிப்பு வந்தது. அடுத்த ஆண்டே மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். 1989-ல் அளவைக் குறைத்து மறுபடி விற்பனைக்கு வந்தது. 1997-ல் புகைப்பழக்கத்தை விடவும் அதே மருந்து அனுமதிக்கப்பட்டது. சோர்வுக்குக் கொடுக்கலாம், சிகரெட்டை விடக் கொடுக்கலாம், உணவுக் கோளாறு இருப்பவருக்கோ குடியைத் திடீரென நிறுத்தியவருக்கோ கொடுக்கக்கூடாது. சோர்வாக இருக்கும் ஒரு பெண்ணிடம் 'சாப்பாடு எப்படிம்மா போகுது? வாந்தி எடுக்கிறியா? ஏதாவது பழக்கம் இருக்கா?' என்று மூன்று கேள்விகளைக் கேட்காமல் இதை எழுதினால் ஒரு வலிப்புக்கு நாமே காரணமாவோம். ஃப்ளுவாக்சடின் என்ற மற்றொரு மருந்தோ சோர்வுக்கும் புலிமியாவுக்கும் சேர்த்தே உதவும். கேள்வி கேட்டவருக்குத்தான் இந்தத் தேர்வு கைக்கு வரும்.

சரி, எதிலிருந்து தொடங்குவது? எது முதலில் வந்தது என்ற விசாரணையில் குடும்பங்கள் மாதக்கணக்கைச் செலவழிக்கின்றன. 'நீ வளர்த்த வளர்ப்பு', 'உங்க பரம்பரைக் குடி' என்று அது சண்டையில் முடிகிறது. பட்டினியில் இருப்பவருக்கு முதலில் உணவு வேண்டும். மெலிந்து கிடக்கும் மூளையில் ஆலோசனை ஏறாது, மாத்திரையும் சரியாக வேலை செய்யாது. ஆனால் நீண்டநாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாகச் சாப்பாடு போட்டால் ரத்தத்தில் உப்புகளின் சமநிலை குலைந்து இதயம் நிற்கும் ஆபத்து உண்டு. மருத்துவர் கண்காணிப்பில் படிப்படியாகக் கூட்டவேண்டும். கட்டுமீறித் தின்பவருக்கு, கிறிஸ்டோஃபர் ஃபேர்பர்ன் வகுத்த சிகிச்சையில், முதல் படி கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுவது. மூன்று வேளை உணவு, இடையில் சிற்றுண்டி, நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிறு காயக்கூடாது. பட்டினி நின்றால் இரவு வெறி பெருமளவு தானாகத் தணியும். குடிப்பவருக்குப் பாதுகாப்பான நிறுத்தம், பி1, இரண்டு மூன்று வாரம் கழித்துச் சோர்வை மறுபடி அளந்து பார்ப்பது. தற்கொலை எண்ணம் இருந்தால் மட்டும் எந்த வாரத்துக்கும் காத்திருக்கக்கூடாது, அன்றே சிகிச்சை.

இதற்கெல்லாம் மனநல மருத்துவர் எங்கே இருக்கிறார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2015-16 தேசிய மனநல ஆய்வு, தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்தது. 20 பேரில் ஒருவருக்கு வாழ்வில் எப்போதாவது மனச்சோர்வு வந்திருந்தது. அந்நோய் இருந்தவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் சிகிச்சை பெறவில்லை. குடிநோயிலும் நிலை அதேதான். ஆனால் வழி இருக்கிறது என்று கோவா காட்டியது. விக்ரம் படேலும் சங்கத் அமைப்பினரும் மருத்துவம் படிக்காத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்காரவைத்தார்கள். மனச்சோர்வுக்கு ஆறு முதல் எட்டு அமர்வு, அளவுமீறிய குடிக்கு நான்கு அமர்வுக்குள். இரண்டும் பலன் தந்ததை 2016 டிசம்பரில் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். நம் கிராமச் செவிலியர்களுக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவினருக்கும் இந்தப் பயிற்சியைத் தரமுடியும். அந்தப் பயிற்சியில் சாப்பாட்டைப் பற்றிய கேள்விகளையும் சேர்க்கவேண்டும் என்பது என் கோரிக்கை. குடிநோய் வார்டின் சேர்க்கைத் தாளில் 'கடைசியாக எப்போது முழுச் சாப்பாடு சாப்பிட்டீர்கள்' என்று ஒரு வரி அச்சிட அரசாணைகூடத் தேவையில்லை.

கல்லூரி நிர்வாகிகள் சிலர் வந்திருக்கிறீர்கள். உங்கள் விடுதியில் யார் பந்திக்கு வருவதில்லை, யார் தட்டில் சோறு அப்படியே மிஞ்சுகிறது, யார் திடீரென்று மூன்று பேர் சாப்பாட்டைக் கேட்கிறார்கள் என்பது வார்டனுக்கு முன்னால் மெஸ் அக்காவுக்குத் தெரியும். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். யாரையும் எல்லோர் முன்னாலும் 'ஏன் இப்படி இளைச்சிட்ட, ஏன் இப்படி பெருத்துட்ட' என்று கேட்கவேண்டாம், தனியாகக் கூப்பிட்டு 'மனசு சரியில்லையா கண்ணு' என்று மட்டும் கேளுங்கள் என்று சொல்லிக்கொடுங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண் 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. அந்த எண்ணை மெஸ் சுவரில் சாப்பாட்டு அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். இப்போது உங்கள் கேள்விகளைக் கேட்கலாம். எல்லோர் முன்னாலும் கேட்கத் தயங்குகிறவர்கள் துண்டுச் சீட்டில் பெயரில்லாமல் எழுதிக்கொடுங்கள், அவற்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.